மாடியிலிருந்து தெரிந்த வட்டம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்து தீபாவளி வருவதற்குள் நடந்தது இது. ஆனேக்கல் பக்கத்தில் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. பெங்களூரில் நெல் வயலா என்று கேட்கிறவர்கள் உண்டு. இன்னும் இருக்கிறது. சுற்றிலும் லேஅவுட் வந்துவிட்டது, ஒரு பக்கம் ஐந்து மாடி அபார்ட்மென்ட்டும் வந்துவிட்டது. அவர்களுடைய காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் எங்கள் வரப்பு போகும்.

அதற்கு முந்தின இரண்டு வருஷம் ஏரியில் தண்ணீர் நிற்கவில்லை. வயல் சும்மா கிடந்தது. மகன் கம்பெனி வண்டி ஓட்டுகிறான், அவனுக்கு இதில் பெரிய ஆசை இல்லை. "இந்தத் தடவையும் விளையலேன்னா வித்துடலாம்பா. கேட்டுக்கினு ஆளுங்க வந்துனே இருக்காங்க" என்று சொல்லிவிட்டான். ஆனால் ஏரி நிரம்பியதும் என் வீட்டுக்காரர் தானே போய் நாற்று விட்டார். நடவும் கொஞ்சம் நெருக்கமாகவே நட்டார்கள், யூரியாவும் ஒரு கை கூடவே போட்டார். பயிர் கருகருவென்று எழும்பி வந்தது. இது வீடு வந்து சேர்ந்தால் நிலம் நிற்கும், இல்லையென்றால் போய்விடும். எங்களுக்கு அவ்வளவுதான் விஷயம்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து வானம் மூடிக்கொண்டது. பெரிய மழை என்று ஒன்றும் இல்லை. தூறும், நிற்கும், மறுபடி தூறும். வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. பலத்த மழை பெய்தால் பூச்சி கழுவிப் போகும், நல்ல வெயில் காய்ந்தாலும் கட்டுப்படும். இப்படி மூடிப் புழுங்கிக் கிடக்கிற நாளில்தான் அதற்குக் கொண்டாட்டம். கதிர் பால் பிடிக்கிற நேரம் வேறு. தினமும் காலையில் நான் வரப்பைச் சுற்றி வந்து பார்ப்பேன். எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

ஆனால் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் எள்ளளவு பச்சைப் பூச்சி கூட்டம் கூட்டமாகப் பறந்து அபார்ட்மென்ட் விளக்குகளுக்குப் போனது. எங்கள் வீட்டிலும்தான் விழுந்தது, நாங்கள் விளக்கை நிறுத்திவிட்டு இருட்டில் சாப்பிடுவோம். அவர்களால் அது முடியுமா. ஒரு நாள் என் வீட்டுக்காரர் வரப்பில் இருந்தபோது நாலைந்து பேர் சுவர் ஓரம் வந்து நின்றார்கள்.

"பெரியவரே, உங்க வயல் பூச்சி எல்லாம் எங்க சாம்பார்ல விழுது. மருந்து அடிக்க மாட்டீங்களா?" என்றார் ஒருவர்.

"பூச்சி என்னைக் கேட்டுக்கினா வருது? நீங்க லைட்டைப் போட்டுக் கூப்பிடுறீங்க, அது வருது."

"அப்ப நாங்க இருட்டுல உக்காரணுமா?"

"வயல் முன்னாடி வந்துச்சா, உங்க பில்டிங் முன்னாடி வந்துச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல."

பேச்சு தடித்துவிட்டது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெளி மனிதர்கள் என்றால் நாக்கு எழும்பாது. பஸ்ஸில் கூட இறங்குகிற இடத்தின் பேரை மட்டும்தான் சொல்வேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து வரப்பில் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மாடி பால்கனியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் பெரிய மாவுக்கட்டு, அதைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்திருந்தார், மடியில் கம்ப்யூட்டர். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி ஏதோ சொன்னார். பூச்சி சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன். மறுநாளும் ஆட்டினார். அதற்கடுத்த நாள் வாட்ச்மேனும் கேட்டிலிருந்து கூப்பிட்டார். அந்தப் பக்கமே வேண்டாம் என்று ஏரிக்கரைப் பக்க வரப்பு வழியாக வயலுக்குப் போக ஆரம்பித்தேன்.

வாட்ச்மேன் என்னைப் பிடித்தது பால் பூத்தில். கன்னடக்காரர், எங்களோடு பேசும்போது மட்டும் தமிழ். அதிலும் பாட்டியை அஜ்ஜி என்பார், கொஞ்சத்தை ஸ்வல்ப என்பார்.

"அஜ்ஜி, எத்தனை தடவை கூப்பிடறது? மூணாவது மாடி சார் தினமும் என் தலையைத் தின்னறாரு. ஸ்வல்ப வந்துட்டுப் போங்க."

"எங்க வீட்டுக்காரரை வரச் சொல்றேன்."

"அவர் வந்தா சண்டைதான் வரும். நீங்களே வாங்க."

வேறு வழியில்லை. பால் பாக்கெட்டோடு அவர் பின்னால் போனேன். செருப்பை கேட்டிலேயே விட்டுவிட்டேன். லிஃப்டில் கால் வைக்கப் பயமாக இருந்தது. அந்த வீட்டு வாசலில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. காலில் சேறு இருந்ததால் மிதியடியில் தேய்த்துத் தேய்த்து நின்றேன். அந்த வீட்டம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

மாவுக்கட்டுக்காரர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "வாங்கம்மா. எந்திரிக்க முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"பூச்சிக்கு நாங்க என்னா பண்றது சார்..." என்று ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது.

"பூச்சி கெடக்குதுங்கம்மா. இப்படி வந்து கீழ பாருங்க. அது என்னதுங்க நடுவுல?"

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த வயலில் நான் வேலை செய்கிறேன். மேலேயிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓரமெல்லாம் பச்சையாக இருந்தது. நடுவில் மட்டும் பழுப்பாக, வட்டமாக, கல்லில் கருகிப்போன தோசை மாதிரி ஒரு இடம். சற்றுத் தள்ளி இன்னொன்று சின்னதாக.

"வண்டியிலேருந்து விழுந்த நாள்லேருந்து இங்கதானுங்க உக்காந்திருக்கேன். மொதல்ல ஒரு பாய் அளவுதான் இருந்துச்சு. இப்பப் பெருசாயிட்டே போகுது. நோயா, இல்ல அறுப்புக்குப் பழுக்குதான்னு எனக்குத் தெரியலீங்க. அதான் கேக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றார். போனில் எடுத்து வைத்திருந்த படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். படத்துக்குப் படம் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது பழுப்பதில்லை, புகையான். விளக்குக்குப் போகிற பச்சைப் பூச்சி வேறு, இது நெல்லின் அடித்தண்டில் தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி. பயிர் புகை பட்டது மாதிரிக் காய்ந்துபோகும். நடு வயலில் ஒரு இடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும். காற்றில்லாமல் மூடிக் கிடக்கிற நாளில், நெருங்கி நட்ட வயலில், தண்ணீர் கட்டியே வைத்திருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்.

நாங்கள் ஏன் பார்க்கவில்லை என்றால், எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கதிர் வெளியே வந்துவிட்டால் வயலுக்குள் இறங்க மாட்டோம். பயிர் மாசமாக இருக்கிறது, உள்ளே போய் உலுக்கக் கூடாது என்று மாமியார் காலத்திலிருந்து கட்டுப்பாடு. வரப்பில் நின்றே பார்த்துவிட்டு வருவோம். வரப்பில் நிற்கிறவர்களுக்கு ஓரம்தானே தெரியும்.

அந்தம்மா கொடுத்த காபியைக் கூடக் குடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "மாடியில உக்காந்துக்கினு இருக்கறவனுக்கு நெல்லைப் பத்தி என்னா தெரியும்?" என்றார். அப்புறம் அவரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். நடுவில் போய்க் குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை. திரும்பி வந்தபோது லுங்கியெல்லாம் சின்னச் சின்னப் பழுப்புப் பூச்சி. மண்வெட்டியை எடுத்துப் போய் மடையை வெட்டித் தண்ணீரை வடிய விட்டார்.

அன்றைக்கே விவசாய ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். தண்ணீர் வடித்தது சரி, யூரியாவைத் தொடாதீர்கள், மருந்தை மேலே தெளிக்காமல் தூரில் படும்படி அடியுங்கள் என்றார்கள். மூங்கில் கழியால் பயிரை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து நடுவில் காற்றுப் போக வழி விட்டோம். மகனும் லீவு போட்டுவிட்டு வந்தான். மாமியார் இருந்திருந்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

வேலை முடிந்தாலும் பலித்ததா என்று எங்களுக்குக் கீழேயிருந்து தெரியவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சுவர் ஓரம் போய் நின்று, சண்டை போட்ட அதே இடத்திலிருந்து மேலே பார்த்து, "சார், இன்னா, எப்படி இருக்குது?" என்று சத்தம் போட்டார். மாவுக்கட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இரண்டு கையாலும் வட்டத்தின் அளவைக் காட்டினார். அதே அளவுதான், பெருகவில்லை. ஒவ்வொரு காலையும் இது நடந்தது. "டாக்டரு மேல உக்காந்துக்கினு கையைக் காட்டுறாரு, கீழ நாம நோயாளி மாதிரி நிக்கறோம்" என்று இவர் வீட்டில் வந்து சொல்லுவார்.

தீபாவளிக்குச் சற்று முன்னால் வானம் விட்டது. காய்ந்த காற்று அடிக்க ஆரம்பித்தது. அதுவும் எங்களுக்குக் கை கொடுத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வட்டம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த இடம் போனது போனதுதான், பதர்தான் கிடைத்தது. மற்றதெல்லாம் அறுத்துக் களத்துக்கு வந்தது. மகன் அப்புறம் விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

இடையில் நான் அந்த வீட்டம்மாவிடம், இருட்டுகிற நேரத்தில் வயல் பக்கத்து விளக்கை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள் என்று சொன்னேன். நான் சொன்னேன் என்பதே எனக்கு ஆச்சரியம். அவர் நிறுத்தினார், இன்னும் சிலரும் நிறுத்தினார்கள், சிலர் நிறுத்தவில்லை. குளிர் வந்ததும் பச்சைப் பூச்சி தானாகவே போய்விட்டது.

புது அரிசி ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தபோது மாவுக்கட்டுக்காரர் கட்டுப் பிரித்து மெதுவாக நடந்துகொண்டிருந்தார். வாங்கவே மாட்டேன் என்றார். "அன்னைக்கு நீங்க குடிக்காம போன காபியைக் குடிச்சாத்தான் பையை வாங்கிக்குவேன்" என்று வீட்டம்மா சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

நாலு நாள் அந்த மனிதர் எனக்குக் கை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், வட்டமும் நாலு நாள் வளர்ந்திருக்கிறது. இப்போதும் ஐப்பசியில் வானம் மூடிக் காற்று நின்றுவிட்டால், வரப்பில் கால் வைக்கும்போதே அந்தப் பால்கனியை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறேன். யாராவது கை ஆட்டினால், கூச்சம் போகவில்லை என்றாலும், நின்று என்னவென்று கேட்டுவிட்டுத்தான் நடக்கிறேன்.