பாட்டு இல்லாத படம்

எண்பதுகளில் அம்பத்தூர் பட்டறை ஒன்றில் பிரஸ் மெஷினில் என் கணவரின் வலது கை விரல்கள் போய்விட்டன. அதன் பிறகு அவர் சட்டையே போடவில்லை. பட்டன் போட்டுவிடப் போனால் என் கையைத் தட்டிவிடுவார். துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். நானும் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டபடியே இருந்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் டிவியில் ஏதோ வேறு மொழிப் படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு மில் தொழிலாளி, அவன் மனைவி, ஒரே அறை.

"இன்னாக்கா, படம் ஓடுதா, நின்னுகினு கீதா?" என்று சிரித்துவிட்டு, டிவி பார்க்க வந்த பக்கத்து வீட்டு மல்லிகா எழுந்து போனாள். நான் டிவியை அணைக்கப் போனேன்.

"உடு, பாக்கலாம்" என்றார் கணவர்.

படத்தில், கையில் கட்டுப் போட்டிருந்த கணவனுக்கு அவள் சட்டை பட்டனைப் போட்டுவிட்டாள். பேச்சே இல்லை. கடைசிப் பட்டன் வரை காட்டினார்கள்.

"அவ ஒண்ணுமே கேக்கல, பாத்தியா?" என்றார்.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் வாயைத் திறக்காமல் பட்டன்களைப் போட்டுவிட்டேன். வேலை தேடிக் கிளம்பினார்.

இப்போது அவர் இல்லை. அவரைக் குளிப்பாட்டிக் கடைசியாக உடுத்திய புதுச் சட்டைக்கும் நான்தான் பட்டன் போட்டேன், ஒன்றும் கேட்காமல். அந்தப் படத்தின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. பாட்டு இல்லாத படம் எது வந்தாலும், தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்க்கிறேன்.