வாயில் குட்டியோடு வந்த நீர்நாய்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் உயிரை வைத்திருப்பது கேமராவின் மேல். வாங்குவது என் உயிரை.

அலமாரியில் மேல்தட்டு லென்ஸ்களுக்கு, கீழ்த்தட்டுதான் என் துணிமணிக்கு. லீவு நாளில் ஆற்றங்கரைச் சேற்றில் குப்புறக் கிடந்துவிட்டு வருவார். அப்போது எருமைக்கும் அவருக்கும் சட்டை ஒன்றுதான் வித்தியாசம். வீட்டுச் சுவர் முழுக்க மரங்கொத்தியும் முள்ளம்பன்றியும். எங்கள் கல்யாணப் படம் ஃபிரிட்ஜ் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மிருகம் தன் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தால் கேமராவை இறக்கிவிடுவார். "நாம தொந்தரவு பண்றோம்னு அர்த்தம்" என்பார். இப்படிக் கோட்டைவிட்ட படங்களை மாட்ட இன்னொரு வீடு வேண்டும்.

குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் நீர்நாயை எடுக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்குள் கண் காலை வாரியது. விழித்திரை கெட்டுவிட்டது, இனி மங்கிக்கொண்டேதான் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த லீவுக்கு நானும் கிளம்பிவிட்டேன்.

நாணல் மறைவில் கொசுவுக்கு விருந்தாகிக் காத்திருந்தோம். வெயில் ஏறும் நேரத்தில் வந்தது, வாயில் குட்டியோடு. பாறைமேல் ஏறியது. அவர் கேமராவில் கண்ணை வைத்தார். அது அப்படியே நின்று எங்களைப் பார்த்தது.

அவர் கேமராவை இறக்கிவிட்டார்.

"என்னங்க, எடுங்களேன்! இத விட்டா வேற எப்ப?" என்றேன்.

"பயந்துட்டா. குட்டியப் போட்டுட்டு ஓடிருவா. சும்மா இரு."

எனக்கு வந்த கோபத்துக்கு கேமராவைப் பிடுங்கி நானே எடுத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. இந்த மனுஷனோடா இத்தனை காலம் சண்டை போட்டேன் என்று பெருமையாகவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நீர்நாய் தண்ணீரில் இறங்கியது. அவர் இன்னும் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸ் இல்லாமல் அவ்வளவு தூரம் இப்போது அவருக்குத் தெரிவதில்லை.

"போயிட்டாளா? குட்டி வாயிலதான இருக்கு?"

"இருக்குங்க. தலையத் தூக்கிக்கிட்டு நீந்துறா. குட்டியோட வால் மட்டும் தண்ணியில நனையுது."

"அப்புறம்?"

"கரை ஏறிட்டா. குட்டியக் கீழ வச்சு நக்கிக் குடுக்குறா."

"நல்லாப் பாத்து வச்சுக்க" என்று சொல்லிவிட்டு லென்ஸை மூடினார். "வீட்டுக்குப் போயி இன்னொரு தடவ சொல்லணும்."