நான் புறா சுட்டவள் அல்ல

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூணித்துறையில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் ஒரு கஷ்டம் உண்டு. டி.வி.யில் எது ஓடினாலும் அதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அன்றைக்குத் துப்பாக்கி சுடும் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தோளில் துப்பாக்கியை வைத்துக் குரல் கொடுக்கிறாள். தரைக்கடியிலிருந்து ஓர் ஆரஞ்சுத் தட்டு சீறிப் பறக்கிறது. சுடுகிறாள், தட்டு சிதறுகிறது.

"இதுல என்ன பெரிய வித்தை?" என்றார் சம்பந்தி. "ஒரு தோட்டாக்குள்ள நூத்துக்கணக்குல ஈய உருண்டை. சும்மா அந்தப் பக்கமாப் பிடிச்சாலே ஏதாவது ஒண்ணு பட்டுடும். கண்ணு தெரியாதவனும் அடிப்பான், அல்லே?"

என் கையில் சாயா கிளாஸ். பெண் கொடுத்த வீட்டில் வாயைத் திறந்து வம்பை வாங்கக் கூடாது என்று சாயாவை ஒரே மடக்காகக் குடித்தேன். நாக்கு வெந்துபோயிற்று. அங்கே சொல்லாததையெல்லாம் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அதைக் களிமண் தட்டு என்கிறார்களே, அதில் ஒரு சிட்டிகை களிமண்கூடக் கிடையாது. தாரும் சுண்ணாம்புப் பொடியும் கலந்து அச்சில் வார்ப்பது. உள்ளங்கை அகலம்தான். கீழே போட்டால் அப்பளமாக நொறுங்கும். ஈய உருண்டைகள் அது இருக்கும் தூரத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு முறம் அகலத்துக்குப் பரவியிருக்கும், அவ்வளவுதான். தட்டு அந்த முறத்துக்குள் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. தட்டிலிருந்து தூசி பறந்தால் போதாது, ஒரு துண்டாவது உடைந்து விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பூஜ்யம். இதெல்லாம் கண் தெரியாதவன் செய்கிற காரியமா?

வெயில் ஏறியபின் தட்டுப் பெட்டியைத் திறந்தால் ரோடு போடுகிற வாசனை அடிக்கும். இன்றைக்கும் பள்ளுருத்திப் பக்கம் எங்காவது தார் ஊற்றினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நான் ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொல்வேன். அந்த வாசனைக்குள் நான் போனது டைப்பிஸ்டாகத்தான். திருப்பூணித்துறை தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு குன்றுச் சரிவில் ஒரு துப்பாக்கி கிளப் இருந்தது. வாரநாளில் கடிதம் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுடுகிறவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உடைந்தது, தப்பியது என்று குறிக்க வேண்டும். இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தவளுக்கு, எந்தக் கனவான் எதனால் தப்புகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒருநாள் ஆள் குறைந்தது. "நீயும் நில்லு குட்டீ" என்று கிளப் செக்ரட்டரி தமாஷாகச் சொன்னார். நின்றேன். அன்றைக்கு நான் உடைத்த தட்டுகளைப் பார்த்துவிட்டு அப்புறம் யாரும் தமாஷ் பண்ணவில்லை. அடுத்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் பெண்கள் பிரிவில் கிளப் சார்பாக என் பெயரைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. துப்பாக்கி கிளப்புடையது. எனக்கென்று இருந்தது தோள் மட்டும்தான்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் விஷயம் பரவியதும் ஆளுக்கொரு சாஸ்திரம் சொன்னார்கள். பின்வீட்டுக்காரி, தோள்பட்டை இறங்கிவிடும், நாளைக்குப் பிள்ளையைத் தூக்க முடியாது என்றாள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர், சுட்ட குண்டு காற்றோடு வந்து மட்டாஞ்சேரியில் விழாதா என்று கேட்டார். இருபது கிலோமீட்டர்! மளிகைக் கடைச் சேட்டன்தான் உச்சம். தினமும் குரலைத் தாழ்த்தி, "கொக்கு ஏதாவது கிட்டியோ? ஒண்ணு இங்கேயும் தா" என்பார். நான் தட்டு என்பேன். அவர் கண்ணடிப்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். போக முடியாததற்குக் காரணம் நாங்கள் குடியிருந்த வீடு. அப்பா மிளகுக் கிடங்கில் கணக்குப்பிள்ளை. கிடங்கு முதலாளி குஜராத்தி ஜைனர். அவர் தாயார் லலிதாபென் வீட்டின் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். மீனோ முட்டையோ வாசல் தாண்டாது, இருட்டிய பிறகு அடுப்பு எரியாது. பக்கத்துக் கோயிலில் தினமும் உச்சிப்பொழுதில் மணி அடிப்பார்கள். புறாக்கள் கூட்டமாகக் கிளம்பிக் கோபுரத்தைச் சுற்றிவிட்டுத் தானியத்துக்கு இறங்கும். லலிதாபென் தன் கையால் ஒரு படி இறைக்காமல் சாப்பிட உட்கார மாட்டார்.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பறக்கிற பொருளோடு துப்பாக்கியை ஓட்டப் பழக வேண்டும். தட்டுக்கு எங்கே போவது? லீவு நாளில் உச்சிப்பொழுதுக்கு மொட்டை மாடி ஏறி, துணி காயப்போடும் கம்பைத் தோளில் வைத்து, சுற்றி வரும் புறாக்களோடு சேர்ந்து திருப்பிப் பழகினேன். கம்பு, ஐயா, வெறும் கம்பு! ஆனால் கீழே தானியம் இறைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. ஒரு வாரம் கழித்து ஏதோ காரணத்தால் புறாக்கள் சரியாக இறங்கவில்லை. பருந்து ஏதாவது வந்திருக்கலாம். தெரு என்னைப் பார்த்தது.

லலிதாபென் அப்பாவையும் என்னையும் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினார். அப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை. "வீடு போச்சு, வேலையும் போச்சு. உன்னாலதான்," என்றார். நான் கிளப்பிலிருந்து முன்பே கொண்டுவந்திருந்த ஒரு முழுத் தட்டைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

தட்டை அவர் மடியில் வைத்தேன். "இதைத்தான் சுடறோம். இதுல உயிர் இல்ல, ரத்தம் இல்ல. தார்."

அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு தமிழும் மலையாளமும் கலந்த தன் பேச்சில் சொன்னார். "மோளே, எங்க பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கொடுப்போம். மாவுல கோழி பண்ணி, அதை வெட்டினவனுக்கும் கொலைப் பாவம் வந்தது. மாவுக்கு என்ன உயிர்? வெட்டினவன் மனசுல கோழி இருந்ததல்லோ. அதனால கேக்கறேன். மாடியில கம்பு பிடிச்சு நின்னப்போ உன் மனசுல என்ன? சத்யம் பற, உள்ளதைச் சொல்லு."

ஊரெல்லாம் என்னிடம் பேசியிருக்கிறது, ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பக்கத்தில் அப்பா கைகட்டி நின்றிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"புறா விழணும்னு நான் நெனச்சதே இல்ல. அது இருக்கற எடத்தைப் பார்த்தா தப்பிப் போயிடும். அதுக்கு முன்னாடி, அது இனிமே வரப்போற காலி எடத்துக்குக் கம்பு போகணும். நான் அந்தக் காலி எடத்தைத்தான் பார்த்தேன்."

லலிதாபென் தட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அப்போ நீ குறி வைக்கிறது ஆகாசத்தை."

"ஆமா."

"போயிட்டு வா. ஜெயிச்சு வா. மாடியில மட்டும் வேண்டாம். நீ ஆகாசத்தைத்தான் பாக்கறேன்னு புறாவுக்குத் தெரியாதல்லோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள் என் புத்தியை.

மறுநாள் கிளப்புக்குப் போனால் பட்டியலில் என் பெயர் இல்லை. செக்ரட்டரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "உன் அச்சன் நேத்துக் காலையிலேயே கிடங்கிலேர்ந்து போன் பண்ணினாரே. மகள் இனி துப்பாக்கி தொடமாட்டாள்னு. பட்டியல் போயாச்சு. வீட்டில் சம்மதமில்லாத பெண்ணுக்கு கிளப் துப்பாக்கி கொடுக்க முடியாது." கெஞ்சினேன், கத்தினேன், அப்பாவையே கூட்டி வருகிறேன் என்றேன். அப்பா வரவில்லை. "அவங்க போகச் சொல்லுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோபப்பட உரிமையுள்ளவர் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டார். பெற்றவர் ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பெழுதிவிட்டார். அந்த மாதமே வேலையை விட்டேன். அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை.

லலிதாபென் போய்ச் சேர்ந்தார், பிள்ளைகள் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். மிளகுக் கிடங்கில் இப்போது டூரிஸ்டுகள் காப்பி குடிக்கிறார்கள். கிளப் இருந்த சரிவில் அடுக்குமாடி வீடுகள். அங்கே குடியிருப்பவர்கள் தொட்டிச் செடிக்கு மண் கிளறினால் எப்போதாவது ஓர் ஆரஞ்சுத் துண்டு கிடைக்கலாம். என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அப்பா கடைசியாக எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாயங்காலம் நான் பிளாஸ்க்கோடு உள்ளே நுழைகிறேன், பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "இதான் என் மக. துப்பாக்கி சுடுவா. பறக்கற புறாவை ஒரே அடி. குறி தப்பாது."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் வாயிலும் புறா! "புறா இல்லப்பா," என்று சீறினேன்.

"ஏதோ ஒண்ணு," என்றார். பிறகு கட்டில்காரரைப் பார்த்தே சொன்னார். "அன்னைக்குப் போயிருந்தா ஜெயிச்சிருப்பா. நான்தான் பயந்துட்டேன்."

நான் பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினேன். வீட்டுக்குப் போய் நாளைக்கு வந்து நன்றாகச் சண்டை போட வேண்டும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். விடிவதற்குள் போன் வந்துவிட்டது. கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. பதில் சொல்லத்தான் ஆளில்லை.