ஒரு சட்டைக்கு ஒரு மெழுகுவத்தி

காலரைத் தேய்த்து, கைகளைத் தேய்த்து, முதுகை முடிக்கும்போது திரையில் ஒரு மெழுகுவத்தி முடிந்திருக்கும். அப்போதுதான் என் ஓரகத்தி தலையை நிமிர்த்துவாள். அவளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு சட்டை.

இது ஏற்றுகிற மெழுகுவத்தி இல்லை. ஐந்து நிமிடத்தில் விலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டும் கட்டை. ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அடுத்த மாதம் வரப்போகும் கச்சா எண்ணெயை இன்றைக்கே வாங்கி, கொடியில் போட்ட துணி காய்வதற்குள் விற்றுவிடுவாள். இத்தனை எண்ணெய் வாங்குகிறாளே, கதவுக் கீலுக்குப் போட ஒரு சொட்டு வந்ததில்லை.

இஸ்திரி மேசைதான் அலுவலகம். பழைய போர்வை விரிப்பு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த டேப்லெட். குழம்பில் உப்பு மறப்பவள், போன வாரம் எந்த விலையில் எண்ணெய் திரும்பியது என்று கேட்டால் புள்ளி பிசகாமல் சொல்வாள்.

"அந்தக் கோட்டைப் போட்டது யாரு?" என்று ஒருநாள், திரையில் கட்டைகளுக்கு அடியில் குறுக்கே ஓடிய கோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"நான்தான்க்கா."

"நீ போட்ட கோட்டைப் பாத்து எண்ணெய் ஏன் நிக்கணும்? அது என்ன உன் புருஷனா?"

"அவரே நிக்க மாட்டாரு. நேத்து ரெண்டு தடவ இங்கதான் திரும்பிச்சு. என்ன மாதிரி ஆயிரம் பேரு இதே எடத்துல கோடு போட்டுக் காத்திருப்பாங்க. எல்லாரும் வாங்குவாங்க. அதான் நிக்குது."

"நிக்கலைன்னா?"

"கீழ சிவப்புக் கோடு இருக்குல்ல, அதைத் தொட்டா தானா வித்துரும். நட்டம் அதோட போச்சு."

பேச்செல்லாம் சரி. அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் கீழே இழுத்துவிடலாம் என்பதுதான் வம்பு. "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்று இரண்டு முறை இழுத்தாள். இரண்டு முறையும் விலை திரும்பவில்லை. இரண்டாம் முறை, இழுத்த கை இஸ்திரிப்பெட்டியை மறந்துபோக, என் கொழுந்தனின் சட்டை முதுகில் பெட்டி அப்படியே அச்சாக விழுந்தது. அந்தச் சட்டை இப்போது டேப்லெட்டுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. மாட்டியவள் அவளேதான். "இன்னொரு தடவ இழுத்தேன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே இந்த யாவாரத்த மூட்டை கட்டிடுறேன்" என்று கணவனிடம் சொல்லியும்விட்டாள்.

இன்று தலையணை உறைகளைக் கொடுக்கப் போனேன். அவள் எண்ணெய் வாங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று சிவப்புக் கட்டைகள் வரிசையாக இறங்கியிருந்தன. நான்காவது, சிவப்புக் கோட்டின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அவள் வலது கை பெட்டியை விட்டுத் திரைக்குப் போனது.

"திரும்பிரும் போல இருக்குக்கா."

"எனக்கென்ன தெரியும். சட்டை கருகாமப் பாத்துக்க."

விரல் கோட்டுக்கு மேலே நின்றது. பிறகு இறங்கி வந்து பெட்டியைப் பிடித்தது. டேப்லெட் 'டிங்' என்றது. விற்றாகிவிட்டது.

அடுத்த கட்டை பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. விலை அவள் வாங்கிய இடத்தையும் தாண்டிப் போயிற்று. அவள் அத்தனையையும் கண் எடுக்காமல் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டியின் பிடி ஒரு கைக்குத்தான் இடம் கொடுக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தேய்த்து முடித்த முதுகையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.