ரெண்டாவது சாவி

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்து கோணலாகப் போகும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கார்டு வைத்திருக்கிற கவருக்குள் இன்னொரு கார்டும் கிடக்கிறது. வெள்ளை நிறம், உள்ளங்கை அகலம், ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு கோடு. இது பெரிய ஹோட்டல் ரூமின் சாவி என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. இதைப் பார்த்தால் எனக்கு டீச்சரம்மா ஞாபகம்தான் வரும்.

புதுக்கோட்டையில் அவர்கள் வீட்டில் ஏழு வருஷம் இருந்தேன். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு ஒரு ஆள் பிடிக்காமல் அவர்களால் எழுந்திருக்க முடியாது. அதற்குத்தான் திருவரங்குளத்திலிருந்து என்னை அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இருக்கிற அவர்கள் மகன் ஒரு வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு பத்து நாள் வருவதாகச் சொன்னார். வீட்டில் இருப்பதோ ரெண்டு ரூம். எல்லாரும் சேர்ந்து வெளியில் தங்கலாம் என்று மூன்று இடங்களின் படங்களைப் போனில் அனுப்பினார். ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு, திருமயம் தாண்டி ஒரு பழைய மாளிகை, திருச்சியில் ஒரு பெரிய ஹோட்டல். "அங்கயெல்லாம் கவனிக்க ஆள் இருப்பாங்கம்மா. அந்தப் பத்து நாளும் ஒங்ககூட இருக்கிறவங்க அவங்க வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமே" என்று அவர் போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பத்து நாள் நான் இல்லாமல் சமாளித்துவிட்டால் பதினோராவது நாள் நான் எதற்கு? வாய் விட்டுக் கேட்கிற ஆள் இல்லை நான். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா மகனிடம், "படத்தைப் பாத்து எடம் பிடிக்க முடியாதுப்பா, நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்கள். ஒரு வாடகைக் கார் பிடித்தோம்.

முதலில் தோப்பு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டம்மா தங்கமான மனுஷி. காரை விட்டு இறங்குவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நடு வீட்டில் டீச்சரம்மாவுக்கு எலை போட்டுவிட்டு என்னிடம், "நீ இங்கிட்டு அடுப்படிக்கு வாத்தா, நம்ம ரெண்டு பேரும் பொறவு சாவகாசமா உக்காந்து சாப்புடுவோம்" என்றார்கள். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். என் நாத்தனார் ஊர்தான் அவர்களுக்குப் பிறந்த ஊர் என்பதையும் கண்டுபிடித்து, எனக்கு ஈரல் துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். எனக்கு அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. டீச்சரம்மாதான் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பும்போது காரில், "நல்ல கைப்பக்குவம். ஆனா எதுக்கு ஒத்த எலை போட்டாங்க?" என்றார்கள்.

அடுத்த வாரம் மாளிகை. அப்படி ஒரு வீட்டை நான் கண்டதில்லை. வழவழவென்று தூண்கள், தரையில் முகம் தெரிந்தது. டை கட்டிய மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு, "கூட வர்றவங்களுக்குப் பின்கட்டுல ரூம் இருக்குங்க. அந்தக் காலத்துலேருந்து வேலைக்காரங்களுக்கு அதுதான் எடம். நாங்க எதையுமே மாத்தல" என்றார். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை.

"அதையாவது மாத்தியிருக்கலாம்ல தம்பி" என்றார்கள் டீச்சரம்மா. பிறகு என்னிடம், "நீ அங்கிட்டுப் போயி உக்காரு. நான் கூப்புட்டா கேக்குதான்னு பாப்போம்" என்றார்கள். ரெண்டு முற்றம் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். காத்திருந்து காத்திருந்து நானாகவே எழுந்து வந்தேன். "நாலு தடவ கூப்புட்டேன். புறாதான் பறந்துச்சு" என்று சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டார். காபி குடித்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பினோம்.

கடைசியாகத் திருச்சி ஹோட்டல், ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு அதுதான் பயம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கவுண்டரில் ஒரு பெண் ரெண்டு பேர் ஆதாரையும் வாங்கி, ரெண்டு பெயரையும் டைப் அடித்து, ரெண்டு கார்டு எடுத்தாள். "இது ஒங்களுக்கு மேடம். இது ஒங்களுக்கு மேடம்" என்று ரெண்டாவதை என் பக்கம் நீட்டினாள். நான் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"திரும்பிப் பாக்காத. ஒன்னத்தான்" என்றார்கள் டீச்சரம்மா.

அந்தப் பெண்ணுக்கு என்மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. தோப்பு வீட்டம்மா மாதிரி ஊர் பேர் எதையும் அவள் விசாரிக்கவில்லை. ஒருவேளை விசாரிக்காததே நல்லதாய்ப் போயிற்றோ என்னவோ. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கட்டில். அந்த மெத்தை எனக்கு ஒத்துக்கொள்ளாமல் தரையில்தான் படுத்தேன். காலையில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பே இல்லை. டீச்சரம்மா வீட்டில் அதற்கு முன் நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. அது அவர்களுக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு ரெண்டு தட்டாக எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது கீரனூர் பக்கம் முறுக்கு எடுக்கப் பைக்குள் கையை விட்டால், இந்தக் கார்டு! "ஐயோ, வண்டிய நிறுத்துங்க தம்பி! சாவிய எடுத்தாந்துட்டேன். அடுத்தாப்புல வர்றவுக ரூம தொறக்க முடியாம வெளிய நிப்பாகளே!" என்று கத்திவிட்டேன். டிரைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆத்தா, அவங்க வேற கார்டு போட்டுக் குடுப்பாங்க" என்றார்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "பத்திரமா வச்சுக்க. அடுத்த மாசம் திரும்ப வரத்தான போறோம்" என்றார்கள்.

போறேன் என்று இல்லை, போறோம் என்றார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு முறுக்கு கொடுத்தேன். சாயங்காலம் ஏன் அந்த ஹோட்டல் என்று மகன் போனில் கேட்டபோது, "அங்கதான் லிப்ட் இருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

சொன்ன மாதிரியே அடுத்த மாதம் பத்து நாள் அங்கே இருந்தோம். டீச்சரம்மா போய்ச் சேர்ந்து இப்போது ரெண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போனபோது லாட்ஜில் ஒரு பையன், "மேடம், ஒங்க ஆதார்?" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

தோப்பு வீட்டுக்கு முதலில் போனோமா, மாளிகைக்கா என்று எழுதும்போதே சந்தேகம் வருகிறது. கார்டில் இருந்த ஹோட்டல் பெயரும் அழிந்துவிட்டது. டீச்சரம்மா மகனோ அந்த டிரைவர் தம்பியோ இதைப் படித்தால் தப்பைத் திருத்திக் கொடுக்கட்டும். கீரனூரில் காருக்குள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்த வேண்டாம். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.