புல்லுக்கு யூரியா கேட்டேன்

இன்று காலை கோவில்பட்டி உரக்கடையில், "வீட்டு முன்னால வளர்க்கிற புல்லுக்கு யூரியா வேணும்" என்றேன்.

பக்கத்தில் தன் நிலத்துக்குக் களைக்கொல்லி வாங்க நின்ற புதூர் சம்சாரி ஒருவர் திரும்பினார். "புல்லுக்கா? அதைக் கொல்லத்தான் நாங்க மருந்து வாங்குதோம்!"

கடையே சிரித்தது.

"மகளுக்கு ரெண்டு வயசாகப் போகுது அண்ணாச்சி. இப்பத்தான் நடக்கப் பழகுதா. விழுந்தா அடிபடக் கூடாதுன்னு புல்லு போட்டேன். கோரைக் களை ஏறி, புல்லு மஞ்சளாயிட்டு."

அவர் சிரிப்பு நின்றது. "அப்ப யூரியா வேண்டாம், பிஞ்சுக் காலு எரியும். மக்கின ஆட்டு எருவைச் சலிச்சுத் தூவுங்க. வீடு எங்கன்னு சொல்லுங்க, நானே கொண்டாந்து தாரேன்."

சாயங்காலம் அரை மூட்டையோடு வந்தவர், குத்தவைத்துக் கோரையைக் கிழங்கோடு தோண்டினார். மகள் அவர் தோளைப் பிடித்து இரண்டடி வைத்தாள்.

போகும்போது சொன்னார்: "நான் புல்லுக்கு எரு போட்டேன்னு எங்க ஊர்ல சொல்லிராதீங்க."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன். உங்களில் புதூர்க்காரர்கள் யாரும் இல்லையே?