பட்டை உரியும் பதினொரு மரங்கள்

நகரத்து மரக் கணக்கெடுப்பில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தபோது செல்வராணிக்கு நாற்பத்தாறு வயது. பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பிப்ரவரியில் இலையுதிர்ந்து மொட்டையாக நின்ற பதினொரு மரங்களை, பட்டை உரிவதை மட்டும் பார்த்து நீர்மருது என்று எழுதிக் கொடுத்தாள்.

மே மாதம் பேரூர்க்கடை வழியாகப் போகும்போது, அவற்றில் ஒன்று உச்சிவரை வெள்ளையாகப் பூத்து நின்றது. நீர்மருது அப்படிப் பூக்காது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். அடிமரத்தில் பட்டை காகிதம்போல மெல்லிய கீற்றுகளாக உரிந்திருந்தது. நீர்மருதில் அது அகலமான செதில்களாகக் கழலும். இது வெண்தேக்கு. அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

நேராக அலுவலகம் போய் மேற்பார்வையாளர் அனிலிடம் சொன்னாள்.

“ரிப்போர்ட் போயாச்சு சேச்சி. ரெண்டும் பட்டை உரியிற மரம்தானே? யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே சாரே. தப்பா எழுதினது நானாக்கும். நானே திருத்தித் தாரேன்.”

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் மற்ற பத்து மரங்களையும் தேடிப் போனாள். பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கீழே கிடந்த காய்களைப் பொறுக்கினாள்; ஐந்து சிறகுள்ள காய் கிடைத்தால் அது நீர்மருதுதான். ஒரு பங்களாவின் காவலாளி இரண்டு நாள் உள்ளே விடவில்லை. மூன்றாம் நாளும் போய் நின்றாள், விட்டுவிட்டார்.

மொத்தம் நான்கு மரங்கள் தவறாக இருந்தன. திருத்திய தாளை அனிலின் மேசையில் வைத்துவிட்டு, அவர் கையெழுத்துப் போடும்வரை அங்கேயே நின்றாள்.